பெயர் எந்தச் சுவரில்

“மூணு தாளும் ஒரே கட்டடந்தான் அண்ணாச்சி” என்று மகிமா சொன்னதும் சண்முகராஜுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. படித்த பெண், மூன்று மாதமாக வெயிலில் அலைந்ததில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய கடையின் பின்னறை மேசையில் மூன்று பெரிய வரைபடத் தாள்கள் விரித்துக் கிடந்தன. ஒன்றில் ஒரே ஒரு பெரிய ஹால். அடுத்ததில் நாலு வகுப்பறை. மூன்றாவதில் ஆறு சின்ன அறை. கண் இருக்கிற எவனும் எண்ணிச் சொல்லிவிடுவான், மூன்று கட்டடம் என்று.

“நல்லாப் பாரும்மா. இது ஹாலு. இது வகுப்பு. இது…”

“காலைல இப்படி இருக்கும் அண்ணாச்சி. சுவரைத் தள்ளிவிட்டா மத்தியானம் இப்படி. இன்னும் ரெண்டு சுவரை இழுத்தா சாயங்காலம் இப்படி. இடம் ஒண்ணுதான். சுவர்தான் நகரும்.”

சண்முகராஜ் சிரிப்பை நிறுத்தினார். தேனி பஜாரில் முப்பது வருடமாக ஏலக்காய் வியாபாரம் செய்கிற மனிதர் அவர். போடி ஏலத்தில் உட்கார்ந்தாரென்றால், முன்னால் வைக்கிற சாம்பிள் காயை நகத்தால் கீறிப் பார்த்தே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவார். அங்கே ஒரு சாம்பிள் என்றால் ஒரு லாட். மூன்று சாம்பிள் வந்தால் குடோனில் மூன்று லாட் சரக்கு தனித்தனியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே சரக்குக்கு மூன்று சாம்பிள் காட்டுகிறவனை மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்ட விடமாட்டார்கள். அதே புத்தியோடுதான் அவர் இந்தத் தாள்களையும் பார்த்தார். மூன்று தாள், மூன்று கட்டடம். பார்த்ததோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. மூன்றையும் அறை அறையாகப் பிரித்துப் பதினோரு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் வரப்போகிற பல்கலைக்கழகம் அது. திராட்சைத் தோட்டக்காரர் ஈஸ்வரபாண்டி நிலம் கொடுத்து அறக்கட்டளைக்குத் தலைவரானார். சண்முகராஜ் செயலாளர். போடிக்காரப் பெண் மகிமாதான் கட்டடக்கலைஞர். “இன்னைக்கு இருக்கிற படிப்பு பத்து வருஷம் கழிச்சு இருக்குமான்னு யாருக்கும் தெரியாது. கட்டடம் அதுக்குத் தக்கன மாறிக்கிற மாதிரி இருக்கணும்” என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள். தோண்டுகிற மண்ணிலேயே கல் அறுப்பது, கூரையில் விழுகிற மழையைச் சேர்த்து வைப்பது, குமுளிப் பக்கமிருந்து இறங்குகிற காற்றை உள்ளே விட்டு ஏ.சி. இல்லாமல் சமாளிப்பது, வேண்டாதபோது போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டிக்கொள்வது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சண்முகராஜ் எல்லாரையும் விட வேகமாக ஆட்டினார். புரிந்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

கட்டுவதற்கு நன்கொடை வேண்டுமே. நம் பக்கத்தில் கொடுத்தவர் பெயர் எழுதாமல் ஒரு துரும்பு வாங்க முடியாது. கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை ‘உபயம்’ என்ற எழுத்தே மறைத்திருக்கும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் சாய்ந்தால் யாரோ ஒருவருடைய தகப்பனார் பெயர் முதுகில் உறுத்தும். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வேறு வழக்கமா வரும்? ஜவுளிக்கடை முத்துராஜா, அப்பா பெயரில் ஒரு வகுப்பறை கேட்டார். போடி காப்பிக்கொட்டை வியாபாரி ஞானதுரை, அம்மா பெயரில் பெரிய ஹாலையே எடுத்துக்கொண்டார். இப்படியே பத்துப் பேர் ஆனார்கள்.

பதினோராவது ஆள் சண்முகராஜே. அவர் கொடுத்தது மகள் சுபாஷினிக்காக. சுபா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று போன் வந்தது. இவர்கள் காரை எடுத்துக்கொண்டு பழனி தாண்டுவதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது. இங்கேயே ஒரு நல்ல கல்லூரி இருந்திருந்தால் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வந்திருப்பாள், உடம்பு சுட்ட அன்றே அவள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள் என்ற நினைப்பு அவரை உட்கார விடவில்லை, படுக்க விடவில்லை. வியாபாரத்தைப் பாதி கைவிட்டுவிட்டு அவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் பின்னால் ஓடியது அதனால்தான்.

மூன்றாவது தாளில் கிழக்கு மூலை அறையைச் சுபாவுக்கென்று வைத்திருந்தார். போன மாதம் மனைவி ராஜகனியைக் கூட்டிக்கொண்டு போய், சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தில் நிற்க வைத்துக் காட்டினார். மகள் போன பிறகு ராஜகனி வாசல்படி தாண்டியதே குறைவு. அன்று அந்த மூலையில் நின்றுகொண்டு மேகமலையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இங்கன ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லுங்க. நான் அப்பப்ப வந்து உக்காந்துட்டுப் போறேன்” என்றாள். இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது சண்முகராஜ் மூன்று தாளிலும் கிழக்கு மூலையை விரலால் தேடினார். காலையில் அது ஞானதுரை அம்மா ஹாலின் மேடை. மத்தியானம் முத்துராஜா அப்பாவின் வகுப்பறை. சாயங்காலம் சுபாவின் அறை. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இடம் மாறவில்லை.

“ஒரே மூலைய மூணு பேருக்குக் குடுத்துட்டீகளா அண்ணாச்சி?” என்றாள் மகிமா. அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் கூட்டத்தில்தான் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

“சுவர அசையாமப் பூட்டிப்புட்டா என்னம்மா?”

“பூட்டலாம். அப்ப எந்தத் தாளப் பாத்துப் பூட்டட்டும்?”

எந்தத் தாளைச் சொன்னாலும் மற்ற இரண்டு தாளிலும் உள்ளவர்கள் தெருவில் நிற்பார்கள். வீட்டுக்குப் போனபோது ராஜகனி சாப்பாடு போட்டுக்கொண்டே, “ஜன்னல் சொன்னீகளா?” என்று கேட்டாள். “சொல்லிட்டேன்” என்றார்.

புதன்கிழமை கூட்டம் ஈஸ்வரபாண்டியின் தோட்டத்தில், திராட்சை பேக்கிங் செய்கிற கொட்டகையில் நடந்தது. சண்முகராஜ் எழுந்து, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். மூன்று தாளை மூன்று கட்டடம் என்று நினைத்துவிட்டதாகவும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும், அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொல்லி உட்கார்ந்தார். அவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை.

“அப்ப எங்கப்பா ரூம்பு இருக்கா இல்லையா?” என்றார் முத்துராஜா.

“இருக்கு. மத்தியானம் இருக்கும்” என்றாள் மகிமா.

“காலைல?”

“காலைல அது மேடை.”

“எங்கம்மா ஹாலோட மேடை” என்று ஞானதுரை சேர்த்துக்கொண்டார்.

“அப்ப எங்கப்பா காலைல எங்கன போவாரு?”

சுவர் ஒரு ஓரமாகப் போய் மடங்கி நிற்கும் என்றாள் மகிமா. “எங்கப்பாவ மடக்கி ஓரமா வைப்பீகளா?” என்று முத்துராஜா எழுந்தேவிட்டார். பெயரைச் சுவரில் எழுத வேண்டாம், பலகையில் எழுதி உத்தரத்தில் கொக்கி போட்டு மாட்டலாம், அறை மாறும்போது பலகையையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் அவசர அவசரமாக ஒரு யோசனை சொன்னாள். ஒருவர் சரி என்றார். இருவர் இது என்ன டீக்கடை போர்டா என்றார்கள். இன்னொருவர், பேசாமல் எல்லாரும் ஆளுக்கொரு தூணை எடுத்துக்கொள்ளலாம் என்றார். தூண்களும் கழற்றி மாட்டுகிறவைதான் என்று மகிமா சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படிப் பேசிப் பேசி, வேறு வழியில்லாமல் பலகைக்கே வந்தார்கள். அதோடு விவகாரம் மெள்ள மெள்ள இடத்தை விட்டு நேரத்துக்குத் தாவியது. யார் பெயர் எங்கே என்பது போய், யார் பெயர் எப்போது என்று ஆனது. காலை நேரம்தான் கௌரவம் என்று ஆறு பேர் அதற்குப் போட்டி போட்டார்கள்.

சத்தம் தாங்காமல் சண்முகராஜ் மறுபடி எழுந்தார். “நான் பண்ணுன குழப்பத்துக்கு நானே முதல்ல விட்டுத்தர்றேன். என் மக ரூம்பு வேணாம். அந்த நேரத்த யாருக்கு வேணுமோ குடுத்துருங்க.”

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் ராஜகனி கேட்ட ஜன்னல் நினைவுக்கு வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது?

ஈஸ்வரபாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி பன்னெண்டாச்சு. புதன்கெழம. ராகு காலத்துல எதையும் முடிவு பண்ண வேணாம். எல்லாரும் சாப்பிடுங்க, ஒன்றரைக்கு மேல பேசுவோம்.”

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எழுபது வயதில் அவர் சொல்வதை மறுப்பவர்களும் கிடையாது, ராகு காலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் அங்கே கிடையாது. வாழை இலை விழுந்தது. ரசம் ஊற்றும்போதுதான் முத்துராஜாவுக்கு அது தோன்றியது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு மகிமாவைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, எங்கப்பாவுக்கு மத்தியானம்னு சொன்னீகள்ல? இன்னைக்கு மாதிரி புதன்கெழமைன்னா அது ராகு காலம்ல? வியாழக்கெழமையும் ஒன்றரைக்கு வந்துருமே.”

பக்கத்து இலைக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரை. சனிக்கிழமை ஒன்பது. காலைக்காகப் போட்டி போட்ட ஆறு பேருக்கும் முகம் மாறியது. திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று. எந்த நேரத்தை எடுத்தாலும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் ராகு வந்து உட்கார்ந்துகொள்கிறான். செத்துப்போன தகப்பனார் பெயரை ராகு காலத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட யாருக்கும் மனசு வரவில்லை. பாயசம் வருவதற்குள் கொட்டகை முழுக்க இதுவே பேச்சு. மகிமா நாலு வருட அனுபவத்தில் காற்று, வெயில், மழை, மண் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத்தான் வரைந்திருந்தாள். ராகுவை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒன்றரைக்கு மேல் கூட்டம் மறுபடி கூடியது. ராகு காலத்தில் எல்லாப் பலகைகளையும் கழற்றிவிடுவது என்று ஒருமனதாக முடிவானது. அன்று ஒருமனதாக முடிந்த முதல் விஷயம் அதுதான்.

“கழட்டிட்டு?” என்றார் ஈஸ்வரபாண்டி. “அந்த ஒன்றரை மணி நேரமும் உத்தரம் மூளியா நிக்கவா? பிள்ளைக படிக்கிற எடத்துல அதுவும் நல்லால்ல. யாராச்சும் ஒருத்தர் பேரு தொங்கணும்.”

எல்லாரும் ஞானதுரையைப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் அவர் ஒருவர்தான் சர்ச்சுக்குப் போகிறவர். “உங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே. நீங்க எடுத்துக்கங்களேன்” என்றார் முத்துராஜா.

“எனக்கு ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது” என்றார் ஞானதுரை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா எங்கம்மா பேருல்ல? நாளைக்கு ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. வேணாம்யா.”

சண்முகராஜ் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் வேண்டாத ஒரு நேரம் அங்கே நடுவில் கிடந்தது. எடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எடுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைக் கொண்டுபோய் ராகு காலத்தில் வைக்கிற தகப்பனை ஊர் என்ன சொல்லும்? வைக்காமல் விட்டால் அவள் பெயர் எங்கேயும் இருக்காது. இரண்டும் தப்பாகவே பட்டது. வாய் மட்டும் தானாகத் திறந்துகொண்டது.

“அத எம் மகளுக்குக் குடுத்துருங்க.”

“ஏலே சம்முகராசு, யோசிச்சுத்தான் பேசுறியா?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“யோசிக்கல. குடுத்துருங்க.”

மகிமா அவரைப் பார்த்தாள். தாளின் மூலையில் பென்சிலால் ‘சுபாஷினி’ என்று எழுதிக்கொண்டாள். எந்த அறை என்று அவள் எழுதவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று தாளில் எது நிற்கிறதோ அது முழுவதும் சுபாவுடையது. ஹாலாக இருந்தால் ஹால், நாலு அறை என்றால் நாலு அறையும். சண்முகராஜுக்கு அது கணக்கில் லாபமா நஷ்டமா என்றுகூடப் புரியவில்லை. கூட்டம் வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்துக் கலைந்தது.

கம்பத்திலிருந்து தேனிக்கு வருகிற வழியெல்லாம் அவர் காரில் ராஜகனியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். உத்தமபாளையம் வரை ஒரு மாதிரி வந்தது. சின்னமனூரில் அது தப்பாகத் தெரிந்தது. வீரபாண்டியில் எல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது ராஜகனி விளக்கேற்றிவிட்டு அடுக்களையில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தாள் மூன்று, கட்டடம் ஒன்று, ஜன்னலைப் பற்றிச் சொன்னது பொய், அறையை விட்டுக்கொடுத்தது, கடைசியில் வாங்கிவந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். “எனக்குப் புரியல. எங்கன இருக்கு எம் பிள்ள ரூம்பு?”

“எங்கனன்னு இல்ல கனி. எடம் கெடையாது. நேரந்தான். தெனம் ஒன்றரை மணி நேரம் அங்கன இருக்கிற அம்புட்டும் அவ பேருல இருக்கும்.”

“ராகு காலத்துல.”

“ஆமா.”

“வேற யாரும் வேணாம்னு போட்ட நேரத்தையா எம் பிள்ளைக்கு வாங்கிட்டு வந்தீக?” அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அவர் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. “நல்லது ஒண்ணுக்கும் ஆகாத நேரத்துல அவ பேரத் தொங்கவிடுவாகளா? அவளுக்கு ஏதாச்சும்…”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

“அவளுக்கு இனிமே என்ன ஆகப்போகுது கனி?” என்றார் சண்முகராஜ். “மத்தவுகளுக்கெல்லாம் பயப்பட ஏதோ மிச்சம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? ராகு வந்து இன்னும் எதை எடுத்துட்டுப் போவான்?”

சொல்லிவிட்டு அழுதார். மகள் போனதிலிருந்து ஊருக்கு முன்னால் திடமாக நின்றவர், அடுக்களை வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ராஜகனி அவரைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

“நாளைக்கு வியாழன்” என்றாள் ராஜகனி.

“ஒன்றரை டூ மூணு.”

“பிள்ள சாப்பிட்டுட்டு வந்து உக்காந்திருப்பா. அந்நேரம் எனக்கு ஒரு போன் பண்ணுவா. நீ சாப்பிட்டியாம்மான்னு.”

சண்முகராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது. அந்நேரம் அவர் எப்போதும் கடையில் இருப்பார்.

“வெள்ளி பத்தரை” என்றார்.

“லேப்பு. போன எடுக்க மாட்டா.”

“சனிக்கெழம ஒம்பது?”

“எங்கன எந்திரிச்சா? ஹாஸ்டல்ல இட்லி தீந்துபோகும்.”

“திங்க ஏழரை.”

“குளிக்க லைன்ல நிப்பா. சத்தம் கேக்கும் போன்ல.”

“செவ்வா மூணு.”

“கிளாசுல தூங்குவா. அவளே சொல்லுவா.”

புதன் பன்னிரண்டுக்கு மெஸ்ஸில் புளிசாதம், அவளுக்குப் பிடிக்காது. அதையும் ராஜகனி சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக அவள் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன செய்தாள் என்று சண்முகராஜுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரையை அவர் கேட்கவில்லை. கடைசியாக லீவுக்கு வந்தபோது சுபாவைத் தேனி பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டது அந்த நேரத்தில்தான். ராஜகனியே சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம நம்ம காலேஜு லீவு.”